மாஞ்சோலை: தேயிலைக்கு ஆய்வு உண்டு, புலிக்கு ஆய்வு உண்டு, தொழிலாளிக்கு?

ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 23 அன்று திருநெல்வேலி கொக்கிரகுளத்தில் தாமிரபரணியில் மலர் தூவக் கூடுகிறோம். 1999-ல் அதே நாளில் அதே கரையில் என்ன நடந்தது என்பது இதைப் படிக்கும் பலருக்குத் தெரிந்திருக்கும். தெரியாத தம்பி தங்கைகளுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டுப் போராடினார்கள். பெண்களும் சேர்த்து 652 பேர் கைதாகித் திருச்சிச் சிறையில் அடைக்கப்பட்டார்கள். அவர்களை விடுதலை செய், கூலிக் கோரிக்கையைப் பேசித் தீர் என்று மனுக் கொடுக்க, புதிய தமிழகம் தலைவர் டாக்டர் கிருஷ்ணசாமியும் வேறு சில கட்சித் தலைவர்களும் முன்செல்ல, ஒரு பேரணி ஆட்சியர் அலுவலகம் நோக்கி வந்தது. போலீஸ் தடியடி நடத்தியது. ஒருபுறம் தடி, மறுபுறம் ஆறு. ஆற்றில் இறங்கியவர்களையும் விரட்டினார்கள். 17 பேர் இறந்தார்கள். அவர்களில் பெண்களும் இருந்தார்கள். ஒரு கைக்குழந்தையும் இருந்தது.

மூன்று ஆண்டுகள் கழித்து, 2002-ல், இதே ஜூலை 23 அன்று ஐரோப்பாவில் ஓர் ஒப்பந்தம் காலாவதியானது. 1951-ல் பாரிசில் கையெழுத்தாகி 1952 ஜூலை 23 அன்று நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய நிலக்கரி எஃகுச் சமூகத்தின் ஒப்பந்தம் அது. அதற்கு ஆயுள் 50 ஆண்டு என்று முதலிலேயே எழுதியிருந்தார்கள். அந்தக் காலத்தின் பெரும்பகுதியில் நிலக்கரி, எஃகு நிறுவனங்களிடமிருந்து உற்பத்திக்கு ஏற்ப ஒரு தீர்வை வாங்கினார்கள். ஒப்பந்தம் முடிந்தபோது கையில் சுமார் 160 கோடி யூரோ மதிப்புள்ள சொத்து மிஞ்சியிருந்தது. முதலைத் தொடாமல், அதன் வருமானத்தில் ஆய்வுகளுக்குப் பணம் கொடுப்பது என்று முடிவு செய்தார்கள். 2021-ல் அந்த நிதியின் விதிகளை மாற்றினார்கள். இனி நிலக்கரிப் பங்கில் வரும் பணம் நிலக்கரியை வளர்க்கப் போகாது. மூடிய சுரங்கங்களும் மூடப்போகும் சுரங்கங்களும் உள்ள ஊர்களின் மண்ணுக்கும் நீருக்கும் மக்களின் அடுத்த பிழைப்புக்குமான ஆய்வுக்கே போகும்.

தேதி ஒத்துப்போனது தற்செயல்தான். ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு கேள்வி எழுகிறது. ஒரு தொழில் தலைமுறை தலைமுறையாக ஓடி முடிகிறது. முடிந்தபின் அதில் உழைத்தவர்களுக்கு என்ன ஆகும் என்று யோசிப்பது யார் வேலை? அந்த யோசனைக்குப் பணம் எங்கிருந்து வர வேண்டும்? மாஞ்சோலையின் வரலாற்றை இந்தக் கேள்வியோடு ஒருமுறை திரும்பப் படிப்போம்.

மலை ஏறியவர்கள்

மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி. இந்தப் பெயர்கள் உள்ள மலைக்காடு முன்பு சிங்கம்பட்டி ஜமீனுக்குச் சொந்தம். 1929-ல் ஜமீன் அதில் சுமார் 8,374 ஏக்கரை 99 ஆண்டுக் குத்தகைக்குப் பம்பாய் பர்மா வர்த்தகக் கழகத்துக்குக் கொடுத்தது.

இந்த நிறுவனத்தின் கதையும் தெரிந்துகொள்ள வேண்டியது. 1863-ல் தொடங்கப்பட்ட இது பர்மாவின் தேக்கங்காடுகளில் மரம் வெட்டிப் பணம் பார்த்தது. 1885-ல் பர்மா அரசர் தீபாவுக்கும் இந்த நிறுவனத்துக்கும் மரத்தின் மீதான வரி, அபராதம் பற்றித் தகராறு வந்தது. அதையே காரணமாகக் காட்டி ஆங்கிலேயர் படையெடுத்தார்கள். பர்மாவின் அரசாட்சி முடிந்தது. அரசர் ரத்னகிரிக்கு நாடுகடத்தப்பட்டார். ஓர் அரசையே கவிழ்க்கக் காரணமாக இருந்த கம்பெனிதான் பொதிகை மலைக்குத் தேயிலை நட வந்தது.

நட்டது யார்? தாமிரபரணிக் கரையின் நஞ்சை வயல்களில் காலங்காலமாக உழைத்து, ஒரு செண்ட் நிலம்கூடத் தன் பெயரில் இல்லாத மக்கள். 1891-ல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்கீர் பறையர் நிலை பற்றி அரசுக்கு எழுதிய அறிக்கையும், அதைத் தொடர்ந்து 1892-ல் வந்த பஞ்சமி நில ஆணையும் உங்களுக்குத் தெரியும். நிலமில்லாததுதான் அடிமைத்தனத்தின் வேர் என்று ஒரு வெள்ளைக்கார அதிகாரிக்கே புரிந்திருந்தது. ஆனால் ஜமீனும் மடமும் கோயிலும் நிலத்தைப் பிடித்து வைத்திருந்த நம் பள்ளத்தாக்கில், ஆற்றுத் தண்ணீர் பாய்ந்த வயல் எதுவும் உழைத்தவர் கைக்கு வரவில்லை. கங்காணி வந்து மலையில் வேலை இருக்கிறது, தங்க இடம் தருவார்கள் என்றபோது போவதற்கு அவர்களுக்குக் காரணம் இருந்தது. தோட்டத்தில் உழைத்தவர்களில் பெரும்பான்மையினர் தலித் மக்கள் என்பது தற்செயலாக நடந்தது அன்று. காட்டை வெட்டி, அட்டைக்கடியிலும் குளிரிலும் காய்ச்சலிலும் கிடந்து, செடி நட்டு, நான்கு தலைமுறை கொழுந்து எடுத்தார்கள்.

1948-ல் சென்னை மாகாணத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. 1952-ல் சிங்கம்பட்டி ஜமீன் அரசின் கைக்கு வந்தது. ஜமீன் போனாலும் குத்தகை போகவில்லை. அரசு ஜமீன்தாரின் இடத்தில் உட்கார்ந்தது, கம்பெனி தொடர்ந்தது. ஜமீன் ஒழிப்பு என்பது உழுத குடிக்குப் பட்டா என்ற சட்டம். கூலிக்கு நின்றவர் அந்தக் கணக்கில் குடி ஆகவில்லை. நிலச் சீர்திருத்தம் மாஞ்சோலைத் தொழிலாளியைத் தொடாமலே கடந்து போன முதல் இடம் இது.

1951: இரண்டு எழுத்துகள்

ஐரோப்பாவில் நிலக்கரி ஒப்பந்தம் கையெழுத்தான அதே 1951-ல்தான் இந்திய நாடாளுமன்றம் தோட்டத் தொழிலாளர் சட்டத்தை நிறைவேற்றியது. நல்ல சட்டம்தான். முதலாளி வீடு கட்டித் தர வேண்டும், மருத்துவமனை வேண்டும், பிள்ளைக் காப்பகம் வேண்டும் என்றெல்லாம் கட்டாயப்படுத்தியது. அதற்கு முன்பு இருந்த நிலையோடு ஒப்பிட்டால் பெரிய முன்னேற்றம்.

ஆனால் அதற்குள் ஒரு முடிச்சு இருந்தது. வீடு வேலையோடு கட்டப்பட்டது. வேலை உள்ளவரைதான் கூரை. லயன் வீட்டில் பிறந்து, அங்கேயே பெண் எடுத்து, அங்கேயே பேரன் பேத்தி பார்த்தவருக்கும் அந்த வீட்டில் ஒரு செங்கல் சொந்தமில்லை. தோட்டம் ஒருநாள் மூடும், அப்போது இவர்கள் எங்கே போவார்கள் என்று அந்தச் சட்டம் கேட்கவே இல்லை.

ஐரோப்பிய ஒப்பந்தம் அந்தக் கேள்வியைக் கேட்டது. சுரங்கம் மூடினால் தொழிலாளிக்கு இடைக்கால உதவி, வேறு தொழிலுக்குப் பயிற்சி, குடிபெயரச் செலவு என்று அந்த ஒப்பந்தத்திலேயே வழி செய்திருந்தார்கள். தொழிலாளர் வீடுகளுக்குக் கடன் கொடுத்தார்கள். சுரங்கம் நன்றாக ஓடும்போதே, அது நிற்கும் நாளுக்காகப் பணம் எடுத்து வைத்தார்கள்.

"அது பணக்கார நாடு, நமக்கு எப்படி அந்த யோசனை வரும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த யோசனையின் ஒரு பாதி நம்மிடம் அதற்கு முன்பே இருந்தது. வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் பாபாசாகேப் அம்பேத்கர் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, 1943 டிசம்பரில் தன்பாத் சென்று நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கிப் பார்த்தார். தொழிலாளர் குடியிருப்புகளையும் பார்த்தார். அடுத்த மாதமே, 1944 ஜனவரியில், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் நல நிதி அவசரச் சட்டம் வந்தது. வெளியே போகும் ஒவ்வொரு டன் நிலக்கரிக்கும் ஒரு தீர்வை. அந்தப் பணம் தொழிலாளியின் வீட்டுக்கும் தண்ணீருக்கும் மருத்துவத்துக்கும். 1947-ல் அது நிரந்தரச் சட்டமானது. பாரிஸ் ஒப்பந்தத்துக்கு ஏழு ஆண்டு முன்பே, நம் தலைவர் எழுதிவைத்த கொள்கை இது: பொருளை எடுத்துச் செல்பவன், எடுத்துக் கொடுத்த மனிதருக்காக, எடுக்கும்போதே ஒரு பங்கைக் கீழே வைத்துவிட்டுப் போக வேண்டும்.

அந்தக் கொள்கை தேயிலைக்கு வரும்போது திசை மாறியது. 1953-ன் தேயிலைச் சட்டம் தேயிலைக்கும் தீர்வை விதித்தது. கிலோவுக்கு இவ்வளவு என்று வசூலித்து அந்தப் பணத்தில் தேயிலை வாரியம் நடந்தது. விற்பனையைப் பெருக்குவது, செடியைப் பற்றி ஆய்வது, நல்ல ரகம் கண்டுபிடிப்பது அதன் முக்கிய வேலை. தொழிலாளர் நலன் என்றும் சட்டத்தில் ஓர் இடம் உண்டு. பிள்ளைகளின் படிப்புக்கு உதவித்தொகை போன்றவை அதில் வந்தன. ஆனால் ஆய்வு என்றால் அது தேயிலைச் செடியைப் பற்றியது. அசாமில் 1911 முதல் டோக்ளாய் ஆய்வு நிலையம் இருக்கிறது. தென்னிந்தியாவுக்கு வால்பாறையில் உபாசி ஆய்வு நிலையம் இருக்கிறது. கொப்புளநோய் ஏன் வருகிறது, எந்த மண்ணுக்கு என்ன உரம், எத்தனை நாளுக்கு ஒருமுறை கொழுந்து எடுக்கலாம் என்பதற்கெல்லாம் அங்கே விடை கிடைக்கும். கொழுந்து எடுக்கும் பெண்ணின் முதுகெலும்பு 58 வயதில் என்ன ஆகும் என்று தொடர்ந்து ஆராய ஒரு நிலையம் எழவில்லை.

ஒரே மலையில் மூன்று ஆய்வுகள்

மாஞ்சோலைக்கு ஆய்வுப் பணம் வரவே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். நன்றாகவே வந்தது.

முண்டந்துறை சரணாலயம் 1962-ல் அமைந்தது. களக்காடு சரணாலயம் 1976-ல். இரண்டும் சேர்ந்து 1988-ல் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம் ஆனது. 1990-களில் உலக வங்கிக் கடனில் வன ஆராய்ச்சி, கல்வி, விரிவாக்கத் திட்டம் ஒன்று வந்தது. அதன் ஒரு பகுதி இந்தக் காப்பகத்தில் நடந்தது. அடிவாரக் கிராமங்கள் விறகுக்கும் மேய்ச்சலுக்கும் காட்டை நம்பியிருப்பதைக் குறைக்கக் கடன், மாற்றுத் தொழில், கிராமக் குழு என்று வேலை செய்தார்கள். காக்காச்சியில் மரங்களின் உச்சியில் ஏறிப் பூவும் பூச்சியும் ஆராய்ந்தார்கள். சிங்கவால் குரங்கைப் பற்றி எழுதினார்கள். இவை எல்லாம் நல்ல வேலைகள். தாமிரபரணி பிறக்கும் காட்டைப் பற்றி நமக்கு இன்று தெரிந்ததில் பெரும்பகுதி இந்த ஆய்வாளர்கள் தந்தது. புலிக்கும் குரங்குக்கும் நாம் எதிரிகள் அல்லர். காடு இல்லாமல் ஆறு இல்லை. ஆறு இல்லாமல் நம் சேரிக் குழாயிலும் தண்ணீர் இல்லை.

நான் சொல்ல வருவது வேறு. செடியை ஆராயப் பணம் இருந்தது. காட்டை ஆராயப் பணம் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் கூடை சுமந்து நடந்தவரை ஆராய அரசு ஒரே ஒருமுறைதான் பெரிதாகச் செலவு செய்தது. அது 1999-க்குப் பிறகு அமைந்த நீதிபதி மோகன் விசாரணை ஆணையம். அவர்கள் எப்படிச் செத்தார்கள் என்று அது ஆராய்ந்தது. காவல்துறை மீது பழி வைக்காமல் முடித்தது. ஆர்.ஆர்.சீனிவாசன் எடுத்த "நதியின் மரணம்" ஆவணப்படம் பதிவுசெய்த சாட்சியங்களைப் பார்த்தவர்களுக்கு அந்த முடிவு எப்படி இருந்திருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

அவர்கள் எப்படி வாழ்ந்தார்கள், அடுத்து எப்படி வாழப்போகிறார்கள் என்று ஆராயும் ஆணையம் எதுவும் அமையவில்லை. குத்தகை என்று முடியும் என்பது 1929-லேயே எழுதப்பட்டது. 2028 பிப்ரவரி 11. இவ்வளவு முன்கூட்டித் தேதி தெரிந்த ஒரு மூடல் வேறு எங்கே நடந்திருக்கும்? புயல் போல, வெள்ளம் போல எதிர்பாராமல் வந்ததா இது?

2024 ஜூன்

முடிவு குத்தகைக்கும் முன்பே வந்தது. 2018-ல் பழைய ஜமீன் காடு முழுவதும் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2024-ல் நிறுவனம் தோட்டத்தை நிறுத்துவதாகச் சொல்லி, தொழிலாளர்களிடம் விருப்ப ஓய்வுப் படிவத்தை நீட்டியது. ஜூன் 14 கடைசி நாள். ஐநூறுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள். "விருப்பம்" என்ற சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். வேலை இல்லை என்றால் வீடும் இல்லை என்ற இடத்தில் ஒருவர் எதை விரும்புவார்?

வழக்குகள் மதுரைக் கிளைக்குச் சென்றன. தோட்டத்தை அரசின் டான்டீ நிறுவனம் எடுத்து நடத்த வேண்டும் என்பது தொழிலாளர் தரப்பின் முக்கிய கோரிக்கை. அதில் நியாயம் இருந்தது. சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து திரும்பிய தோட்டத் தமிழர்களுக்கு வேலை கொடுக்கத் தொடங்கப்பட்டதுதான் டான்டீ. ஒரு மக்கள் கூட்டத்துக்குப் பிழைப்பு வேண்டும் என்பதற்காக அரசே தேயிலை நட்ட வரலாறு நம் மாநிலத்தில் உண்டு. ஆனால் காலம் மாறியிருந்தது. 2022-ல் டான்டீயே 2,152 ஹெக்டேரை வனத்துறையிடம் திருப்பிக் கொடுத்திருந்தது. 2024 டிசம்பரில் உயர்நீதிமன்றம் கோரிக்கையை ஏற்கவில்லை. நிலம் காட்டுக்கே என்றது. வீடு உள்ளிட்ட மறுவாழ்வு உதவிகளை அரசு செய்ய வேண்டும் என்றது.

வன உரிமைச் சட்டம் உதவாதா என்று மாணவர்கள் அடிக்கடி கேட்கிறீர்கள். பழங்குடி அல்லாதவர்கள் 2005 டிசம்பர் 13-க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, காட்டில் குடியிருந்து காட்டை நம்பிப் பிழைத்திருக்க வேண்டும் என்கிறது சட்டம். 1929-லிருந்து கணக்கிட்டால் 75 ஆண்டு தாண்டிவிடுகிறது. ஆனால் காட்டை நம்பி என்ற இடத்தில் சட்டம் தேன் எடுப்பவரையும் கிழங்கு தோண்டுபவரையும் மனதில் வைத்திருக்கிறது. கம்பெனிக் கூலியை அல்ல. ஜமீன் ஒழிப்பில் குடி ஆகாதவர் இங்கே காட்டுவாசியும் ஆகவில்லை. ஒவ்வொரு சட்டத்தின் வாசலிலும் இவர்கள் வேறு வகை என்று திருப்பி அனுப்பப்படுகிறார்கள்.

இன்னொரு விஷயமும் அந்த ஜூன் மாதத்தில்தான் நடந்தது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவர் ஒருவரை அவருடைய பள்ளியில் படித்த பிள்ளைகளே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அதன்பின் அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, பள்ளிகளில் சாதி எப்படி இயங்குகிறது என்று ஆராய்ந்து 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. மாஞ்சோலைப் பிள்ளைகளைக் கீழே இறங்கச் சொன்னதும் அதே ஜூனில்.

லயன் வீடுகளில் சாதியே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். மேலே துரை, நடுவில் கண்டக்டர், கீழே கூலி என்ற அடுக்கு அங்கே உண்டு. ஆனால் ஊர்த் தெரு ஒன்று, சேரித் தெரு ஒன்று என்ற பிரிவு அந்த வரிசை வீடுகளில் இல்லை. கையில் எந்த நிறக் கயிறு என்று பார்க்காத பிள்ளைகள் அவர்கள். அவர்களை எந்த ஊரில், எந்தத் தெருவில், எந்தப் பள்ளியில் கொண்டுவந்து விடுகிறோம் என்பது வீடு ஒதுக்கும் அதிகாரியின் பட்டியலில் உள்ள ஒரு எண் மட்டுமா? சந்துரு குழுவின் அறிக்கையையும் மாஞ்சோலைக் குடும்பங்களின் பட்டியலையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்திருக்க வேண்டும். ஆய்வு என்று நான் கேட்பது இதைத்தான்.

ஐரோப்பாவைக் கும்பிட வேண்டாம், கணக்கைக் கற்றுக்கொள்வோம்

சுரங்கமோ ஆலையோ சூழலுக்காக நிற்கும்போது அந்தச் சுமை தொழிலாளி தலையில் விழக்கூடாது என்பதை "நியாயமான மாற்றம்" என்கிறார்கள். இந்தச் சொல் பல்கலைக்கழகத்தில் பிறக்கவில்லை. அமெரிக்காவின் எண்ணெய், ரசாயன, அணுத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர்களில் ஒருவரான டோனி மசோக்கி, நஞ்சுக் கழிவை அகற்றப் பெருநிதி ஒதுக்கும் நாட்டில் தொழிலாளிக்கும் ஒரு பெருநிதி வேண்டும் என்று கேட்டதிலிருந்து வளர்ந்தது. 2015-ன் பாரிஸ் பருவநிலை ஒப்பந்தத்தின் முகவுரையிலும் ஏறிவிட்டது. 2021-ல் ஐரோப்பிய ஒன்றியம் நிலக்கரி போன்ற தொழில்களை நம்பிய பகுதிகளுக்காக 2018 விலைமதிப்பில் 1,750 கோடி யூரோவுக்குத் தனி நிதி அமைத்தது. முதலில் சொன்ன ஆய்வு நிதி ஆண்டுக்கு 11.1 கோடி யூரோ. அதில் நிலக்கரிப் பங்கு 27.2 சதவீதம், மீதி எஃகுக்கு.

இதெல்லாம் அங்கே எல்லோருக்கும் நியாயம் கிடைத்ததாக அர்த்தமில்லை. 1956 ஆகஸ்ட் 8 அன்று பெல்ஜியத்தின் மார்சினெல் சுரங்கத்தில் 262 பேர் மாண்டார்கள். அதில் 136 பேர் பிழைக்க வந்த இத்தாலியர்கள். பிரிட்டன் 1973-லேயே அந்தச் சமூகத்தில் சேர்ந்த நாடு. அங்கே 1984-85 வேலைநிறுத்தத்தைப் போலீஸ் குதிரை ஏறி உடைத்தது. நிதி இருந்தால் போதாது. யாரைத் தொழிலாளி என்று எண்ணுகிறோம், யார் பேச்சைக் கேட்கிறோம் என்பதும் வேண்டும்.

நம் ஆற்றின் முடிவிலும் நிலக்கரி இருக்கிறது

இது மலைக்கதை மட்டுமில்லை. தாமிரபரணி கடலில் சேரும் பக்கம் போய்ப் பாருங்கள். தூத்துக்குடி அனல்மின் நிலையம் 1979 முதல் ஓடுகிறது. 210 மெகாவாட் வீதம் ஐந்து அலகுகள். ஆற்றின் தண்ணீரில்தான் அதுவும் நிற்கிறது. கப்பலில் நிலக்கரி இறக்குபவர், சாம்பல் அள்ளுபவர், ஒப்பந்தக்காரரின் நோட்டில் மட்டும் பெயர் உள்ளவர் என்று எத்தனை பேர் அதைச் சுற்றிப் பிழைக்கிறார்கள்? அலகுகள் வயதாகிவிட்டன. ஒருநாள் நிற்கும்.

நின்றால் என்ன ஆகும் என்பதற்கு நெய்வேலியைப் பாருங்கள். 1962-ல் தொடங்கிய 600 மெகாவாட் முதல் அனல்மின் நிலையம் 2020 செப்டம்பரில் மூடப்பட்டது. நிரந்தரத் தொழிலாளிக்கு அதே நிறுவனத்தின் வேறு பிரிவு இருக்கிறது. ஒப்பந்தத் தொழிலாளிக்கு? சுரங்கத்துக்காக நிலம் எடுத்தபோது பட்டா உள்ளவருக்கு இழப்பீடும் வேலையும் பற்றிப் பேச்சு நடந்தது. அந்த நிலத்தில் நாற்று நட்டும் களை எடுத்தும் பிழைத்த சேரிக்கு வயல் போனது; பேச்சுவார்த்தையில் நாற்காலி இல்லை.

சுரங்கங்களுக்காவது 2015 முதல் மாவட்டக் கனிம அறக்கட்டளை என்று ஒன்று இருக்கிறது. சுரங்க நிறுவனம் அரசுக்குக் கட்டும் உரிமைத்தொகையில் பத்து அல்லது முப்பது சதவீதத்தை அந்த மாவட்ட மக்களுக்காகத் தனியாகக் கட்ட வேண்டும். பாபாசாகேப் காலத்துத் தீர்வையின் பேரப்பிள்ளை என்று சொல்லலாம். அதை ரோடு போட மட்டும் செலவழிக்காமல், சுரங்கம் முடிந்தபின் நிலமற்றவரின் வாழ்க்கை என்ன என்ற ஆய்வுக்கும் ஒதுக்கச் சொல்லி நாம் கேட்கலாம். தேயிலைத் தோட்டத்துக்கு அந்த அளவுகூடக் கிடையாது.

நாம் செய்ய வேண்டியது

சமூகவியல் முதுகலை படித்த காலத்தில், "தரவு இல்லை" என்றால் அந்தத் தலைப்பை விட்டுவிடலாம் என்று எனக்குச் சொல்லித்தந்தார்கள். நானும் நம்பினேன். இப்போது களத்தில் நிற்கும்போது தெரிகிறது, தரவு இல்லாமல் போவதும் ஒரு வேலையாகத்தான் நடக்கிறது. செடிக்கும் புலிக்கும் எண்ணிக்கை வைத்திருந்த மலையில் மனிதரைப் பற்றி மட்டும் தரவு தானாகக் காணாமல் போகவில்லை.

அரசிடம் நாம் கேட்க வேண்டியவை மூன்று. ஒன்று, மாஞ்சோலையிலிருந்து இறங்கிய ஒவ்வொரு குடும்பமும் இன்று எங்கே, என்ன வேலையில், என்ன கூலியில், பிள்ளைகள் எந்தப் பள்ளியில் என்ற முழுக் கணக்கெடுப்பு. பத்து ஆண்டாவது தொடர வேண்டும். தமிழில் வெளியிட வேண்டும். நடத்தும் குழுவில் தொழிலாளர்களே பாதிப்பேர் இருக்க வேண்டும். இரண்டு, மூடும் தொழில்களுக்கான நிரந்தர நிதி. குத்தகை, தீர்வை, உரிமைத்தொகை என்று அரசுக்கு வரும் பணத்தில் ஒரு பங்கு, தொழில் ஓடும்போதே எடுத்து வைக்கப்பட வேண்டும். மூன்று, நிலம். அடுக்குமாடியில் ஒரு வீடு மழைக்கு ஒதுங்கப் போதும். நான்கு தலைமுறை உழைப்புக்குக் கணக்குத் தீராது. 1892-ல் ஒப்புக்கொண்ட உண்மையை 2028-க்குள்ளாவது நிறைவேற்றட்டும்.

அரசு கொடுக்கும்வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. மாணவத் தோழர்களே, உங்களால் இன்றே தொடங்க முடிந்த வேலைகள் இருக்கின்றன. இறங்கி வந்த பெரியவர்கள் அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, திருநெல்வேலி, திருப்பூர் என்று சிதறியிருக்கிறார்கள். அவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். முதன்முதலில் மலை ஏறிய தாத்தாவின் ஊர் எது, எந்த ஆண்டு, யார் கூட்டிப்போனது? வருங்கால வைப்புநிதிச் சீட்டு, சம்பளச் சீட்டு, பள்ளிச் சான்றிதழ், ரேஷன் அட்டை, கல்யாணப் புகைப்படம், எதையும் எறிய விடாதீர்கள். படம் எடுத்து வையுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் குத்தகைத் தொகை எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்று மனுப் போடுங்கள். ஒன்றை மறக்காதீர்கள்: கேட்காமல் யார் பெயரையும் படத்தையும் போடக்கூடாது. கதை அவர்களுடையது. எழுதியதை முதலில் அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

அடுத்த ஜூலை 23-க்குக் கொக்கிரகுளம் வரும்போது மலரோடு ஒரு நோட்டும் கொண்டு வாருங்கள். அந்தக் கரைக்கு வரும் கூட்டத்தில் மாஞ்சோலைக்காரர்கள் இருப்பார்கள். ஒரு குடும்பத்தின் கதையையாவது அன்றைக்கு எழுதிவிட்டுத் திரும்புவோம்.

ஜெய் பீம்.